வாஸ்கோ ரோஸ்ஸி: ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

அலைவரிசை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஓர் இணைய வானொலிக்கு 60 நிமிட நிகழ்ச்சி ஒன்று தயாராகிறது. இத்தாலிய ராக் பாடகர் வாஸ்கோ ரோஸ்ஸியைப் பற்றியது. எழுதி, மெட்டமைத்து, தானே பாடுகிறவர். கேட்கப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயரே புதிதாக இருக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் தேடினால் தொகுப்பு ஆல்பங்கள்தான் முதலில் வந்து நிற்கின்றன. ஆண்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 1983இல் சான்ரெமோ பாட்டு விழாவில் கடைசிக்கு முந்தைய இடம் பிடித்தவர், 2017இல் ஒரே இரவுக் கச்சேரிக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட் விற்றிருக்கிறார். இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் நிகழ்ச்சியில் சொல்ல வேண்டும். ஸ்டூடியோ பதிவா, மேடைப் பதிவா, எதைப் போடுவது? மொழி தெரியாத நேயருக்கு அவர் பாட்டில் எதைக் கவனி என்று சொல்வது? இத்தாலிக்கு வெளியே அவர் ஏன் பரவவில்லை? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

கருந்தட்டு எழுதியது:

அலைவரிசை, முதலில் தொகுப்புகளை ஒதுக்கிவிடுங்கள். வாஸ்கோ விஷயத்தில் அவை உதவாது. 1979 பாட்டுக்குப் பக்கத்தில் 2004 பாட்டு வந்து உட்காரும். அவர் குரலும் எழுத்தும் எப்படி மாறின என்பது காதில் விழாது.

ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம் எளிது. ஸ்ட்ரீமிங் தளங்கள் பல சமயம் மறுபதிப்பு ஆண்டைத்தான் காட்டும். கூடவே பெயர் மாற்றமும் உண்டு. 1979இல் வந்த இரண்டாவது ஆல்பம் ‘நோன் சியாமோ மிகா லி அமெரிகானி’ பிற்பாடு ‘அல்பாகியாரா’ என்ற தலைப்பில் மறுபடி வெளியானது. இரண்டும் ஒன்றே, இரண்டு ஆல்பமாக எண்ணிவிடாதீர்கள். பழைய தட்டு கையில் கிடைத்தால் லேபிளைப் பாருங்கள், காலம் பிடிபடும்: 1978, 1979 என்றால் லோட்டஸ், 1980, 1981 என்றால் தார்கா, 1982 முதல் 1987 வரை கரொசெல்லோ, 1989 முதல் இ.எம்.ஐ.

ஆரம்ப காலத்தை நிகழ்ச்சியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும். 1952 பிப்ரவரி 7இல் அவர் பிறந்த ஊர் சோக்கா. எமிலியா-ரொமான்யா பகுதியில், மோதெனா மாவட்டத்து மலை ஊர். அப்பா லாரி ஓட்டுநர். போர்க்காலத்தில் ஜெர்மானிய முகாமில் தனக்கு உதவிய சக கைதியின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார். 13 வயதில் மோதெனாவில் ஒரு சிறுவர் பாட்டுப் போட்டியில் பரிசு, பிறகு கணக்கியல் படிப்பு, பொலோன்யா பல்கலைக்கழகத்தில் பாதியில் நின்ற படிப்பு. இதெல்லாம் ஒரு வரி போதும்.

இரண்டாவது செய்தி வானொலி. உங்கள் நிகழ்ச்சிக்கு இது ரொம்பப் பொருந்தும். 1975இல் நண்பர்களோடு சேர்ந்து சோக்காவில் ‘புந்தோ ராதியோ’ என்ற தனியார் நிலையத்தைத் தொடங்கினார். இத்தாலியில் அன்று ஒலிபரப்பு அரசின் ஏகபோகம். உள்ளூர் ஒலிபரப்பைத் தனியாருக்குத் திறந்துவிட்ட அரசியல் சாசன நீதிமன்றத்தின் 202ஆம் எண் தீர்ப்பு 1976இல்தான் வந்தது. ஆக, சட்டம் திறக்கும் முன்பே மலை உச்சியில் ஒலிபரப்பியவர்களில் அவரும் ஒருவர். மைக்கில் அரட்டை அடித்துப் பழகிய அந்தத் தொனிதான் பிற்பாடு அவர் பாட்டு வரிகளின் தொனி. முழுமையாகப் பாடுவதற்கும் பேசுவதற்கும் நடுவில் நிற்கிற குரல் அது.

முதல் சிறுதட்டு 1977. முதல் ஆல்பம் 1978. இரண்டுக்கும் ஒலிச்சேர்க்கை செய்தவர் கயெத்தானோ குர்ரேரி. பின்னாளில் ஸ்தாதியோ குழுவின் பாடகர். முதல் ஆல்பத்தைத் தவிர்த்தாலும் நஷ்டமில்லை, அது இன்னும் பழைய இத்தாலியப் பாடலாசிரியர்களின் நிழலில்தான் இருக்கிறது. உங்கள் தொடக்கம் 1979. அதிலும் ‘அல்பாகியாரா’ என்ற ஒரே பாட்டு. பியானோவும் தாழ்ந்த குரலும் மட்டுமாக ஆரம்பிக்கும், படிப்படியாக ஏறும், மின் கிதாரில் முடியும். நாம் எதிர்பார்க்கிற மாதிரி திரும்பத் திரும்ப வருகிற பல்லவி கிடையாது. அப்படியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கச்சேரி அதில்தான் முடிகிறது.

அதற்குப் பிறகு 1980, 81, 82, 83 என்று வருடத்துக்கு ஓர் ஆல்பம். இந்த நான்கும்தான் அவருடைய அஸ்திவாரம். தயாரிப்பாளர் குய்தோ எல்மி, கிதாரில் மௌரீட்ஸியோ சொலியேரி, ரிதம் கிதாரில் சோக்காவில் வளர்ந்த மாஸ்ஸிமோ ரீவா. இதே ஆட்கள் பிறகு ஸ்டீவ் ரோஜர்ஸ் பேண்ட் என்ற பெயரில் தனியாகவும் இயங்கினார்கள். நேரம் குறைவென்றால் 1981ஐயும் 1983ஐயும் மட்டும் எடுங்கள். 1983இன் ‘பொல்லிச்சீனே’யை ரோலிங் ஸ்டோன் இதழின் இத்தாலியப் பதிப்பு 2012இல் இத்தாலியின் தலைசிறந்த 100 ஆல்பங்களில் முதலிடத்தில் வைத்தது. அந்தத் தேர்வில் எனக்கு முழு உடன்பாடு.

இனி சான்ரெமோ. 1982இல் ஒரு முறை, 1983இல் ‘வீத்தா ஸ்பெரிகொலாத்தா’வோடு மறுமுறை. மெட்டு தூல்லியோ ஃபெர்ரோ, வரிகள் வாஸ்கோ. அந்த ஆண்டு வென்றவர் தித்ஸியானா ரிவாலே. வாஸ்கோவுக்குக் கடைசிக்கு முந்தைய இடம். பாட்டு முடியும் முன்பே அவர் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். பின்னணிப் பதிவு மட்டும் தொடர்ந்து ஓடியது. இதைத் தோல்வி என்று சொல்லி நிகழ்ச்சியை வளர்க்காதீர்கள். சான்ரெமோவின் மதிப்பெண் பாட்டின் ஆயுளைக் காட்டாது. அவருக்கு அந்த மேடையிலிருந்து வேண்டியது வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிதான், அது கிடைத்தது. அதே ஆண்டு கோடையில் நாடெங்கும் சுற்றிய ஃபெஸ்திவல்பார் போட்டியில் ‘பொல்லிச்சீனே’ முதலிடம் பெற்றது. அது கோகோ-கோலா விளம்பர மொழியைக் கிண்டல் செய்கிற பாட்டு. சான்ரெமோவில் பிப்ரவரி, ஃபெஸ்திவல்பாரில் கோடை: இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் நேயருக்குப் புரிந்துவிடும்.

---

சந்தப்பிரியன் எழுதியது:

மொழி தெரியாதவருக்கு என்ன காட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அர்த்தத்தை விட்டுவிட்டு அசையைக் காட்டுங்கள். இத்தாலிய ராக்கின் அடிப்படைச் சிக்கலே அதில்தான் இருக்கிறது.

இத்தாலியச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். கடைசி அசை மெலிந்த உயிரெழுத்தில் முடியும். ராக் இசையோ ஆங்கிலத்தின் ஓரசைச் சொற்களோடு பிறந்து வளர்ந்தது. வரியின் கடைசி அசை தாளத்தின் மேல் ஓங்கி விழ வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். இத்தாலியர்கள் மெட்டுப் போடும்போது பல சமயம் அர்த்தமில்லாத பொய் ஆங்கிலத்தில்தான் முனகிக்கொள்வார்கள், நம் மெட்டமைப்பாளர்கள் தத்தகாரம் போடுவதைப் போல. பிறகு அந்தத் தத்தகாரத்தில் இத்தாலிய வார்த்தையை உட்கார வைக்கும்போது வரியின் முனையில் ஓர் அசை மிஞ்சித் தொங்கும். மெட்டு நன்றாக இருந்தும் வரி தொய்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

பழைய பாடலாசிரியர்கள் சொல்லின் வாலை வெட்டினார்கள். ‘அமோரே’யை ‘அமோர்’ ஆக்கினார்கள், ‘குவோரே’யை ‘குவோர்’ ஆக்கினார்கள். அப்படி வெட்டியதும் ஓபரா வாசனை அடித்துவிடும்; கிதாரோடு ஒட்டாது. வாஸ்கோ வேறு வழி எடுத்தார். இயல்பாகவே கடைசி அசையில் அழுத்தம் உள்ள சொற்களையும், பேச்சில் வருகிற சின்னச் சொற்களையும் பொறுக்கி வரி முனையில் வைத்தார்.

அவருடைய ஆல்பத் தலைப்புகளையே வரிசையாக உரக்கப் படியுங்கள். ‘சியாமோ ஸோலோ நொய்’ (1981), ‘வா பேனே, வா பேனே கொஸி’ (1984), ‘கோஸா சுச்சேதே இன் சித்தா’ (1985), ‘சே கி தீசே நோ’ (1987), ‘நெஸ்ஸுன் பெரீகொலோ பெர் தே’ (1996), ‘கன்ஸோனி பெர் மே’ (1998). நொய், கொஸி, சித்தா, நோ, தே, மே. எல்லாமே கடைசி அசையில் ஓங்கி முடிகின்றன. காலரியில் நிற்பவர் முஷ்டியை உயர்த்திக் கத்தத் தோதான முடிவுகள். இதை ஒரு நிமிடம் வாயால் சொல்லிக் காட்டிவிட்டு ‘சியாமோ ஸோலோ நொய்’ போட்டால், இத்தாலியன் தெரியாதவரும் ஒவ்வொரு அடியிலும் அந்த ‘நொய்’ வந்து விழுவதற்குக் காத்திருப்பார்.

எதிர்மாறானதும் உண்டு. ‘வீத்தா ஸ்பெரிகொலாத்தா’ மெலிந்த அசையில் முடிகிற தலைப்பு. அங்கே அவர் சொல்லை வெட்டவில்லை. அழுத்தத்தை நீளமாக இழுத்து, கடைசி ‘தா’வைத் தாளம் கடந்த பிறகு நழுவ விடுகிறார். அந்த நழுவலில்தான் பாட்டின் சோர்வும் ஏக்கமும் இருக்கிறது. துணிந்து தாறுமாறாக வாழ வேண்டும், ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் மாதிரி வாழ வேண்டும் என்று வரி கேட்கிறது. குரலோ களைத்துப்போனவனின் குரல். மற்றவர்கள் இதைப் பாடும்போது பெரும்பாலும் கெடுகிற இடமும் இதுவே. வரி முழுவதையும் சம பலத்தில் பாடிவிடுவார்கள். பாட்டு வெறும் வீராப்பாகிவிடும்.

இன்னொன்று, முடிக்காத வாக்கியங்கள். தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற மாதிரி ஒரு ‘ஏ’, ஒரு ‘ஜா’, பாதியில் ஒரு சிரிப்பு. அவை அலட்சியத்தால் வந்தவை அல்ல. மெட்டு கேட்ட ஓரசையை அவர் நிரப்பிய விதம். வரிகளை எழுத்தில் மட்டும் படித்துவிட்டு இதில் கவிதை எங்கே என்று கேட்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். மிலானின் யூல்ம் பல்கலைக்கழகம் 2005இல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது தகவல் தொடர்புத் துறையில். சரியான துறை என்பேன்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: மோதெனா என்பதில் அழுத்தம் ‘மோ’வில், நடுவில் அல்ல. ரோஸ்ஸியில் ‘ஸ்’ இரட்டிக்க வேண்டும். சான்ரெமோவில் அழுத்தம் ‘ரெ’யில்.

---

அலைவரிசை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தலைப்புகளை வரிசையாகப் படிக்கிற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், சந்தப்பிரியன். ஸ்டூடியோவா மேடையா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. 1983க்குப் பிறகு எப்படிக் கொண்டுபோவது? 1984 கைதைச் சொல்லலாமா, வேண்டாமா?

---

மேடைநிழல் எழுதியது:

கருந்தட்டு சொன்ன நான்கு ஆல்பங்களை மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் 1983 வரை வளர்ந்த ஒரு நல்ல பாடகர் என்பதோடு கதை முடிந்துவிடும். இரண்டு லட்சம் பேர் ஏன் வந்தார்கள் என்பதற்குப் பதில் மேடையில் இருக்கிறது.

கைதைச் சொல்லத்தான் வேண்டும், சுருக்கமாக. 1984 ஏப்ரலில் கொக்கைன் வழக்கில் கைதானார். 22 நாள் சிறை, பெசாரோவில். அதே ஆண்டில்தான் முதல் மேடைப் பதிவு ஆல்பமும் வந்தது. அதன் தலைப்புப் பாட்டு அதுவரை எந்த ஆல்பத்திலும் வராதது. சிறையை வைத்து அவரை நாயகனாக்கவும் வேண்டாம், பாவப்பட்டவராக்கவும் வேண்டாம். போதைக்கும் இசைக்கும் முடிச்சுப் போடுகிற சுலபமான விளக்கத்தைத் தவிர்த்தாலே நிகழ்ச்சியின் தரம் உயரும்.

1985, 1987 ஆல்பங்கள் கழிந்து 1988இல் பழைய குழு தன் வழியில் போயிற்று. 1989இல் நிறுவனமும் மாறியது. 1990 ஜூலையில் மிலானின் சான் சீரோ, ரோமின் ஃப்ளமீனியோ என்று இரண்டு மைதானங்கள். சான் சீரோவை நிரப்பிய முதல் இத்தாலியர் அவரல்ல. 1980இலேயே பாடகர் எதோவார்தோ பென்னாத்தோ அதைச் செய்துவிட்டார். இந்தத் தவறு பல கட்டுரைகளில் இருக்கிறது, நீங்கள் செய்யாதீர்கள். வாஸ்கோ செய்தது வேறு: திரும்பத் திரும்ப நிரப்பினார். 2019இல் அதே சான் சீரோவில் ஒரே வரிசையில் ஆறு இரவுகள், 2024இல் ஏழு.

மேடைப் பதிவைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூட்டம் சேர்ந்து பாடுவது தாளத்துக்குப் பின்தங்கியே கேட்கும். காரணம் தூரம். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு 0.3 நொடி தாமதமாகச் சேரும். அவர் பாடியது மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.3 நொடி. பாடகர் காதில் கூட்டம் அரை நொடிக்கும் மேல் பின்னால் இருக்கும். காதுக்குள் வைக்கிற மானிட்டர் இல்லாமல் கூட்டத்தைக் கேட்டுப் பாடினால் குழு முழுவதும் மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே போகும். வேகமான பாட்டில் அரை நொடி என்றால் ஓர் அடி தப்பிவிடும்; மெதுவான பாட்டில் அது அலை மாதிரி பின்னால் வந்து சேரும், கெடாது. அதனால்தான் ‘அல்பாகியாரா’, ‘ஸாலி’ போன்ற மெதுவான பாட்டுகள் மைதானத்தில் ஸ்டூடியோவைவிடப் பெரிதாகின்றன. துரிதப் பாட்டுகள் சில குழம்புகின்றன. உங்கள் தேர்வுக்கு விதி இதிலேயே இருக்கிறது: மெதுவானதை மேடைப் பதிவிலும், வேகமானதை ஸ்டூடியோ பதிவிலும் போடுங்கள்.

2017 ஜூலை 1, மோதெனாவின் என்ஸோ ஃபெர்ராரி பூங்கா. நாற்பது ஆண்டுப் பயணத்துக்கான ஒரே ஓர் இரவு. விற்ற டிக்கெட் 2,25,173. அதற்கு முன் இத்தாலியில் பேசப்பட்டது ராக் பாடகர் லுச்சானோ லிகாபூவே 2005இல் ரெஜ்ஜோ எமீலியாவின் கம்போவோலோ திடலில் சேர்த்த 1.65 லட்சம். 2005இன் அந்த இரவில் தொலைவில் நின்றவர்களுக்கு ஒலி சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது. இத்தகைய திடலில் மேடை ஸ்பீக்கரை மட்டும் நம்ப முடியாது. நடுநடுவே கோபுரம் நிறுத்தி, ஒவ்வொன்றின் ஒலியையும் மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்த வேண்டும். மாலை 32 டிகிரியில் கணக்கிட்டது இரவு 22 டிகிரியில் மாறிவிடும்; 200 மீட்டரில் சுமார் 10 மில்லிநொடி வித்தியாசம். காற்று அடித்தால் மேல் சுருதிகள் விலகிப்போகும். கச்சேரி நடக்கும்போதே திருத்திக்கொண்டிருக்க வேண்டிய வேலை இது.

மோதெனாவில் அதோடு பாதுகாப்புச் சுமையும் இருந்தது. மே மாதம் மான்செஸ்டர் குண்டுவெடிப்பு, ஜூன் 3இல் துரீனோவின் சான் கார்லோ சதுக்கத்தில் நெரிசல். அவற்றுக்கு அடுத்த சில வாரங்களில் இத்தனை பேர். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீண்ட கச்சேரி 1980ஆம் ஆண்டின் ‘கொல்பா தல்ஃப்ரேதோ’வில் தொடங்கி ‘அல்பாகியாரா’வில் முடிந்தது. குர்ரேரியும் சொலியேரியும் மேடைக்கு வந்தார்கள். மாஸ்ஸிமோ ரீவா இல்லை, 1999 மே மாதமே இறந்துவிட்டார். குய்தோ எல்மி அந்தக் கச்சேரி முடிந்து சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 31இல் காலமானார். அந்த மேடைப் பதிவு ஆல்பம் கிடைக்கிறது. கடைசிப் பாட்டை அதிலிருந்து எடுங்கள்.

---

கருந்தட்டு எழுதியது:

மேடைநிழல் சொன்ன விதியை ஏற்கிறேன். நான் 1983இல் நிறுத்தச் சொன்னதாகத் தோன்றியிருந்தால், அது தொடங்குவதற்கான யோசனை மட்டும். 1993இன் ‘வீவெரே’, 1996இன் ‘ஸாலி’ இரண்டும் கட்டாயம் வேண்டும். ‘ஸாலி’ வயதும் வலியும் ஏறிய ஒரு பெண்ணைப் பற்றியது. நாற்பதைத் தாண்டிய வாஸ்கோ தான் இளமையில் எழுதிய பெண்களைவிட ஆழமான ஒருத்தியை அதில் எழுதிவிட்டார். ஃபியொரெல்லா மன்னோயா பாடிய வடிவமும் உண்டு. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நிமிடம் அடுத்தடுத்துப் போட்டால், எழுத்தாளர் வாஸ்கோவையும் பாடகர் வாஸ்கோவையும் பிரித்துக் கேட்கலாம். 1997இல் பாத்தி ப்ராவோ சான்ரெமோவில் பாடி விமர்சகர் பரிசு பெற்ற பாட்டிலும் அவர் எழுத்து இருக்கிறது. உடன் உழைத்தவர் அதே குர்ரேரி. 2004இன் ‘உன் ஸென்ஸோ’வுக்கும் குர்ரேரி மெட்டில் பங்காளி. செர்ஜோ கஸ்தெல்லித்தோவின் ஒரு படத்துக்காக எழுதப்பட்டது அது.

இத்தாலிக்கு வெளியே பரவாத விஷயம். சமகாலத்தவர்களைப் பாருங்கள். ஜான்னா நன்னீனி 1982இல் ஜெர்மானியத் தயாரிப்பாளர் கோன்னி ப்ளாங்கோடு வேலை செய்து ஜெர்மனியில் கால் ஊன்றினார். ட்ஸுக்கெரோ 1991இல் ஆங்கிலேயப் பாடகர் பால் யங்கோடு ஆங்கிலம் கலந்து பாடி பிரிட்டனில் நாலாவது இடம் வரை போனார். வாஸ்கோவிடம் இத்தகைய பாலம் இல்லை. சந்தப்பிரியன் விளக்கியதை வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவு: அவர் பலம் முழுவதும் பேச்சுவழக்கின் முடிக்காத வாக்கியத்தில், அந்த ஓரசைகளில் இருக்கிறது. மொழிபெயர்த்தால் மிஞ்சுவது சாதாரண வரிதான். எதிர்த்திசையில் அது வேலை செய்திருக்கிறது. ‘லி ஸ்பாரி சோப்ரா’ (1993) அயர்லாந்துக் குழு ஒன்றின் பாட்டு, ‘அத் ஓன்யி கோஸ்தோ’ (2009) ஆங்கிலேய ராக் குழு ரேடியோஹெட்டின் பாட்டு. இரண்டையும் இத்தாலியச் சொல்லில் தனதாக்கிக்கொண்டார். இவை அவருடைய சொந்த மெட்டு என்று சொல்லிவிடாதீர்கள், ராக் கேட்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

60 நிமிடத்துக்கு எட்டுப் பாட்டு தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். அவர் பாட்டுகள் ஆரம்பத்தில் மெதுவாக விரிபவை. நடுவில் வெட்டினால் ஏறுமுகம் போய்விடும். முடிவைக் குரலால் மூடுவதும் கூடாது, பல பாட்டுகளின் உயிர் கடைசி கிதாரில் இருக்கிறது. பேச்சுக்கு 20 நிமிடம் வைத்து, அதில் ஐந்தைச் சந்தப்பிரியன் சொன்ன அசை விளக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஏற்றும் முன் உங்கள் நிலையத்தின் இசை உரிமம் முழுப் பாட்டுக்கும் பதிவிறக்க வடிவத்துக்கும் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். நேரலைக்கு மட்டும் உரிமம் இருந்தால், பிறகு ஏற்றுகிற பதிப்பில் பாட்டு வரும் இடமெல்லாம் ஒலி அறுபட்டுப் போகும். பேச்சையும் பாட்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருந்தால் திருத்துவது எளிது.

மேடைப் பதிவும் ஸ்டூடியோ பதிவும் ஒலி அளவில் வெகுவாக வேறுபடும். 1979 தட்டின் அசல் ஒலி மென்மையானது, 2017 பதிவு ஓங்கியது. 2017இன் அளவைக் குறைத்து 1979க்குப் பொருத்துங்கள். தலைகீழாகச் செய்தால் ‘அல்பாகியாரா’வின் தொடக்கப் பியானோவோடு பழைய நாடாவின் இரைச்சலும் சேர்ந்து எழும்.

---

சந்தப்பிரியன் எழுதியது:

கருந்தட்டின் பட்டியலில் ஒரு மாற்றம் மட்டும். ‘பொல்லிச்சீனே’ தலைப்புப் பாட்டுக்குப் பதில் அதே ஆல்பத்தின் ‘ஊனா கன்ஸோனே பெர் தே’ வைக்கலாம். விளம்பரக் கிண்டலுக்கு மொழி வேண்டும், இதற்கு வேண்டாம். தலைப்பின் கடைசிச் சொல்லும் ‘தே’தான், உங்கள் விளக்கத்துக்கு இன்னொரு சான்று.